சாமிக்கு ஒரு சீட்டு

1

பம்பாயில நான் சொந்தமா ஒரு வீடு கட்டியிருக்கேன். உங்க வீடு மாதிரி ஒரே இடத்துல குந்திக்கிட்டுக் கெடக்குத வீடு இல்ல. சக்கரம் வச்ச வீடு. இந்த வாரம் தாராவியில நிக்கும், அடுத்த வாரம் நாசிக்குல நிக்கும், பிடிக்கலன்னா கியர மாத்திட்டுக் கெளம்பிரும்.

பொய்தான். வீடு எங்க அண்ணனுக்கு. கட்டினதும் அவன்தான். நான் உள்பக்கம் தகரம் அடிச்சேன். அதுலயும் கூரைத் தகரம் அடிச்சது வேற ஆளு, நான் கீழ நின்னு ஆணி எடுத்துக் குடுத்தேன். ஆனா குடுத்த ஆணியில ஒண்ணு கூட வளைஞ்சது கெடையாது. அந்தப் பெருமையாவது எனக்கு இருக்கட்டும்.

நம்மூரு படிப்பகத்துல கையெழுத்துப் பத்திரிகை நடத்துத பயலுவ, "அண்ணாச்சி, பம்பாய் வாழ்க்கையப் பத்தி நாலு பக்கம் எழுதி அனுப்புங்க"ன்னு கேட்டானுவ. நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒரு நாள் மழைக்கு ஒதுங்கினேன். மழை விட்டதும் வாத்தியாரு விரட்டிட்டாரு. எழுத்து கத்துக்கிட்டது இங்க வந்து, சினிமா போஸ்டரப் பாத்து. அதனால என் எழுத்து கொஞ்சம் பெருசா இருக்கும், பேப்பரு சீக்கிரம் தீந்து போகும். மன்னிச்சுக்கிடணும்.

இன்னைக்கு எங்க சாமிக்குக் கொடை, வருசா வருசம் நடக்குத திருவிழா. போன கொடை அன்னைக்குத்தான் அண்ணன் தாராவியில இருந்த வீட்ட வித்துட்டு இந்த வண்டியில ஏறினான். அன்னையில இருந்து எனக்கு வயித்தெரிச்சல். ஒரு வருசமா எரியுது, இன்னும் அணையல. அதத்தான் எழுதப் போறேன்.

2

எனக்கு வேலை டிரங்குப் பெட்டி செய்யுத பட்டறையில. தகரத்த வெட்டி மடக்கித் தட்டி, பெயிண்ட் அடிச்சு, மூடியில ரோசாப்பூ வரையுறது வரைக்கும் நாந்தான். ரோசாப்பூன்னு நான்தான் சொல்லுதேன். வாங்க வாரவன் "இது என்ன முட்டைக்கோசா?"ங்கான்.

ஊருக்குப் போறவன், கல்யாணமாகிப் போறவ, கப்பலேறப் போறவன் எல்லாரும் எங்கிட்டதான் பெட்டி வாங்குதாங்க. நான் தட்டின பெட்டி போகாத ஊரு கெடையாது. நான் பாத்த ஊரு மூணு. ஒண்ணு நம்மூரு. ரெண்டு தாராவி. மூணாவது, ரயிலு கோளாறாகி ஒரு பகல் முழுக்க நின்ன ஷோலாப்பூர். அதையும் ஜன்னல் கம்பி வழியாத்தான் பாத்தேன்.

பம்பாய் வாழ்க்கை, பம்பாய் வாழ்க்கைங்கியளே, அது என்னன்னு சொல்லட்டா? வரிசையில நிக்கது. எந்திரிச்சதும் கக்கூஸ் வரிசை, பெறவு குழாய் வரிசை, ஞாயித்துக்கெழமை ரேஷன் வரிசை. கக்கூஸ் வரிசையில பக்கத்துல நிக்கவன்கிட்ட இந்தியில பேசிப் பேசித்தான் எனக்கு இந்தி வந்தது. அதான் என் இந்தியில எப்பவும் ஒரு அவசரம் இருக்கும்.

என் வீட்டுக்காரி பேரு பேச்சியம்மா. எங்களுக்கு ஒத்தப் பிள்ளை, மல்லிகா. கார்ப்பரேசன் பள்ளிக்கூடத்துல இந்தியில படிக்கா. தமிழக் குடுத்து வாசின்னா பல்லு விழுந்தவ முறுக்குத் திங்கிற மாதிரி வாசிக்கா. கனாவுலயும் இந்திதான். நான் கனாவுல இன்னமும் தமிழ்லதான் திட்டு வாங்குதேன்.

எங்க வீட்டுலயும் ஒரு டிரங்குப் பெட்டி உண்டு. மூடி கோணலாப் போச்சுன்னு மொதலாளி தள்ளிவிட்டது. கல்யாணமான புதுசுல பேச்சிக்குக் குடுத்தேன். "எந்த ஊருக்குக் கூட்டிட்டுப் போவீக?"ன்னு கேட்டா. "மொதல்ல ரேஷன் அரிசியப் போட்டு வையி"ன்னு சொன்னேன். இன்னைக்கு வரைக்கும் அதுல அரிசிதான் கெடக்கு.

3

இப்ப வீட்டுக் கதை. எங்கப்பா தாராவிக்கு வந்தப்ப கையில ஒரு கலயம் வச்சிருந்தாரு. அதுக்குள்ள நம்மூரு சுடலைமாடன் கோயில்ல எடுத்த பிடிமண். பிடிமண்ணு உங்களுக்குத் தெரியும். மண்ணு போற எடத்துக்குச் சாமியும் போகும். ரயில்ல டிக்கெட் பரிசோதகரு கலயத்தக் காட்டி "யே கியா ஹை?"ன்னாராம். அப்பா "சாமி"ன்னாராம். "சாமிக்கு டிக்கெட்டு?"ன்னு அவரு கேட்டதும் அப்பா யோசிச்சுப் பாத்து, "மடியில உக்காந்து வாரவருக்கு எதுக்கு டிக்கெட்டு?"ன்னாராம். இத அப்பா சாகுற வரைக்கும் சொல்லிச் சிரிச்சாரு.

சதுப்பு நெலத்துல குப்பையும் மண்ணும் கொட்டி மேடாக்கி, அப்பா ஒரு கோலி கட்டினாரு. கோலின்னா ஒத்த ரூம்பு வீடு. மூலையில பிடிமண்ணப் போட்டு பீடம் வச்சாரு. ஊருல நாங்க பொறந்தப்பவே சாமி பேர ரெண்டா வெட்டி அண்ணனுக்கு மாடசாமின்னும் எனக்கு சுடலைமுத்துன்னும் வச்சிருந்தாரு, கோலி கட்டினதும் எங்களயும் இங்க கூட்டிக்கிட்டாரு. அவரு போன பெறகு கோலியையும் அதே மாதிரி நடுவுல தகரம் அடிச்சு ரெண்டா வெட்டினோம். அண்ணன் பங்குல ஜன்னலு போச்சு, பீடமும் போச்சு. எனக்கு வந்தது பழைய கதவு. அவன் புதுசா ஒரு கதவு வச்சுக்கிட்டான். நான் புதுசா ஒரு ஜன்னலு வைக்கலாம்னு பாத்தா, வைக்கிறதுக்குச் செவரு இல்ல. கதவு விட்டா மத்த மூணு பக்கமும் அடுத்தவன் வீடு.

வயித்தெரிச்சலு அங்கதான் மொளைச்சது. சின்னச் செடியா இருந்துச்சு. பஸ்ஸு வந்து தண்ணி ஊத்திட்டு.

4

அண்ணன் டிராம்பே பக்கம் ஒரு ஃபேக்டரிக்கு ஸ்டாஃப் பஸ் ஓட்டினான். காலைல செம்பூர்ல ஆள ஏத்துவான், ஃபேக்டரியில எறக்குவான். சாயங்காலம் திருப்பி. வேலையில சேந்ததுல இருந்து ஓய்வு வாங்குத வரைக்கும் அதே ரோடு. "ஏல, அந்த ரோட்டுல ஒரு வளைவு இருக்கு. நான் இடது பக்கம் திரும்பணும். நேரா போற ரோடு எங்க போவுதுன்னு எனக்கு இன்ன வரைக்கும் தெரியாது"ன்னு சொல்லுவான். கேட்டா தெரிஞ்சுரும். அவன் கேக்க மாட்டான்.

ஃபேக்டரிக்காரன் பழைய பஸ்ஸ ஏலத்துல விட்டான். அண்ணன் வந்து சொன்னான்: "கோலிய வித்து அந்த பஸ்ஸ எடுக்கப் போறேன். நானும் உன் மதினியும் இனி அதுலதான் இருக்கப் போறோம். புள்ளையா குட்டியா, யாருக்கு இந்த வீடு?"

நான் சிரிச்சேன். நம்மூருக்குக் கழுத மேல சட்டி பானைய ஏத்திக்கிட்டு வருவாங்கல்லா, அவங்களப் பாத்து நாமெல்லாம் சின்னப் புள்ளையில "வீடில்லாத கூட்டம்"னு கத்திக்கிட்டே பின்னால ஓடுவோம். அத ஞாபகப்படுத்தினேன். அண்ணன், "நாம பின்னால ஓடினோம்லா? எதுக்கு ஓடினோம்?"னு கேட்டான்.

பட்டறையில லீவு போட்டு நான்தான் உள்ள தகரம் அடிச்சேன். சீட்டெல்லாம் கழட்டி ஒரு பலகைக் கட்டில். மண்ணெண்ணெய் அடுப்புக்குத் தட்டு. மதினி பூப்போட்ட திரை தச்சு மாட்டினா. கட்டில்ல படுத்துப் பாத்தேன். தலைமாட்டுல ஜன்னலு, கால்மாட்டுல ஜன்னலு, வலப்பக்கம் வரிசையா ஜன்னலு. ஒரு மனுசனுக்கு எத்தன ஜன்னலுவே வேணும்? எந்திரிச்சு வந்து ரெண்டு ஆணியக் கூடுதலா அடிச்சேன், கோவத்துல.

மதினி வேற, "கொழுந்தனாரே, மொதல்ல பண்டர்பூரு, பெறவு கோலாப்பூரு, அப்படியே கீழ எறங்கி கன்னியாகுமரி. திருவிழா எங்க நடக்கோ அங்க வண்டிய நிறுத்தி இட்லி அவிச்சு விப்போம்"னு பாட்டு மாதிரி பாடுதா. பேச்சி பக்கத்துல நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு, அந்தப் பூப்போட்ட திரையத் தொட்டுத் தொட்டுப் பாத்தா.

நடுவுல ரேஷன் ஆபீசு. வீடு போனா கார்டு போயிரும்னு ஒருத்தன் சொல்லப் போயி, அண்ணனும் நானும் போனோம். குமாஸ்தா புது பத்தா கேட்டான், அதான் விலாசம். அண்ணன் வெளிய நிக்க பஸ்ஸக் காட்டி, நம்பர் பிளேட்டப் பாத்து எழுதிக்கச் சொன்னான். குமாஸ்தா பேனாவ மூடிட்டான். "வண்டிக்குச் சக்கரை கெடையாது, பெட்ரோல்தான்"னு மராட்டியில ஏதோ சொல்லி ஆபீசே சிரிச்சுது. கடைசியில அவங்க ரெண்டு பேரு பேரையும் என் கார்டுல எழுதினாங்க. அவங்க ஊரு சுத்தப் போறாங்க, அவங்க சீனிக்கு நான் வரிசையில நிக்கணும். இந்த நியாயத்த எங்க போயிச் சொல்ல? நல்லவேளை, அந்தச் சீனிய நாங்களே தின்னோம். அதான் அந்த வருசத்துல எனக்குக் கெடைச்ச ஒரே இனிப்பு.

5

எல்லாம் ஆச்சு. கோலிய வாங்க பாண்டுன்னு துறைமுகத்துல வேலை பாக்குத ஒரு மராட்டி ஆளும் வந்தாச்சு, அவன் குடுத்த முன்பணத்துலதான் பஸ்ஸே எடுத்தது. ஆனா மூலையில பீடம் இருக்கே! எங்க வளவுக்கு, அதான் எங்க சந்துச் சனத்துக்கு, பெரியாளு பரமசிவம் மாமா சொல்லிட்டாரு: "சாமி உத்தரவு இல்லாம மண்ண விக்கப்பிடாது. கொடை அன்னைக்கு மத்தியானம் கேப்போம்."

யாருகிட்டக் கேப்பாங்க? எங்க குடும்பத்துல சாமியாடி யாரு? உங்க சுடலைமுத்துதான்.

உள்ளதச் சொல்லுதேன். மத்த வருசமெல்லாம் எனக்குச் சாமி வாரது உண்டு. உடுக்கைச் சத்தம் முதுகெலும்புல ஏறும், பெறவு என்ன பேசினேன்னு எனக்கே தெரியாது, மத்தவன் சொல்லித்தான் தெரியும். அந்த வருசம் மட்டும் சாமி வாரதுக்கு முன்னாலயே நான் வந்து எடம் போட்டு உக்காந்துக்கிட்டேன். என்ன சொல்லணும்னு தயாரா வச்சிருந்தேன். "மண்ண விட்டு நகர மாட்டேன்!" அவ்வளவுதான். பட்டறையில தகரத்தத் தட்டித் தட்டி ஒத்திகை பாத்தாச்சு. சாமி சொல்லிட்டா பெறவு அண்ணன் எங்க போவான்? அவனும் கக்கூஸ் வரிசையில என் பின்னால நிக்கட்டும்.

மத்தியானம். கோலிக்குள்ள ஆளும் சாம்பிராணிப் புகையும். உடுக்கை அடிக்கான். நான் ஆடுதேன், நல்லாத்தான் ஆடுதேன். பாண்டு ஒரு மூலையில ஒண்ணும் வெளங்காம கும்பிட்டுக்கிட்டு நிக்கான்.

பரமசிவம் மாமா கேட்டாரு: "ஐயா, உம்ம பிள்ளை மாடசாமி மண்ண வித்துட்டுப் போறேங்கான். உத்தரவு உண்டா இல்லியா? வாய் தெறந்து சொல்லணும் ஐயா."

அண்ணன் என் முன்னால வந்து கைகூப்பினான். என்னைய வாழ்நாள்ல அவன் கும்பிட்டது கெடையாது, தலையில குட்டித்தான் பழக்கம். அவன் தோளுக்கு மேல கதவு வழியாப் பாத்தேன். சந்து முனையில பஸ்ஸு நிக்குது. மாலை போட்டு, சந்தனம் பூசி, ஜன்னலு ஜன்னலா. என் தகரம் வெயில்ல மினுங்குது. வாயத் தெறந்தேன்.

"என்னையும் கூட்டிட்டுப் போ!"

என் வாயிதான். நான்தான். அதோட நிக்கல, ஏங்கி ஏங்கி அழுதேன், மூக்கெல்லாம் ஒழுக. உடுக்கை நின்னுட்டு. பரமசிவம் மாமா பீடத்துக்கு முன்னால தடால்னு விழுந்தாரு. "சாமியும் வாரேங்குதுடோய்! பிள்ளையப் பிரிய மாட்டேங்குதுடோய்!" பொம்பளைங்க குலவை போட்டாங்க.

பாண்டு மல்லிகாகிட்ட, "பேட்டி, பகவான் கியா போலா?"ன்னான், சாமி என்ன சொல்லிச்சுன்னு. எம்மவ சாவகாசமா, "போலா, ஹம் பி காடி மே ஜாயேகா"ன்னா. பகவானும் வண்டியில போறாராம். பாண்டுவுக்கு ரொம்பச் சந்தோசம். காலி வீடாக் கெடைச்சுதே.

தண்ணி தெளிச்சு உக்கார வச்சாங்க. பேச்சி வந்து நெத்தியில துன்னூறு பூசுத சாக்குல காதுகிட்டக் குனிஞ்சா.

"சாமி போயாச்சா?"

"ஆச்சு."

"அப்ப எம் புருசன்கிட்டக் கேக்கேன். கூட்டிட்டுப் போன்னு அழுதீயளே, அதுல நான் எங்க இருக்கேன்? மல்லிகா எங்க இருக்கா?"

ஊரே நம்பிட்டு. அவ ஒருத்தி நம்பல.

6

சாமி மண்ணுல நிக்கணும்லா? அதனால டிரைவர் சீட்டுக்குப் பின்னால மண்ணு ரொப்பி வைக்க ஒரு தகரத் தொட்டி செய்யச் சொன்னாங்க. செஞ்சது யாரு? நான்தான். போகணும்னு அழுதது நானு. சீட்டு தட்டினது நானு. ஏறி உக்காந்தது சாமி. அப்பா காலத்துல மடியில வந்த ஆளுக்கு இப்பத் தனி சீட்டு, அதுவும் ஜன்னலோரம். வண்டி கெளம்பினப்ப நான் கையாட்டினேன். அண்ணனுக்கா சாமிக்கான்னு தெரியல.

அதுக்குப் பெறகு இந்த ஒரு வருசமா வீட்டுல எம்பேரு மாடன். சோறு வைக்கும்போது, "பயணம் போற ஆளு, நல்லாத் தின்னுக்கிடும்" அப்படிங்கா பேச்சி. நான் பட்டறைக்குக் கெளம்பினா, "எங்களையும் கூட்டிட்டுப் போவீயளா, இல்ல ஒத்தையிலதானா?"ங்கா. வெளியாளு கேட்டா சிரிப்பான். நானும் சிரிச்சுருதேன். ஆனா அந்தக் கேள்வி சிரிச்சு முடிஞ்ச பெறகும் அங்கனயே கெடக்கும். நான் ஏன் அவளச் சேத்துச் சொல்லலன்னு எனக்கே தெரியல. ஜன்னலப் பாத்த மயக்கத்துல, ஆளுகள மறந்துட்டேன்.

நேத்துச் சாயங்காலம் பஸ்ஸு வந்துட்டு. கொடைக்காக. வண்டி பூரா புழுதி, பின்னால கண்ணாடி ஒண்ணு ஒடஞ்சிருக்கு. அதப் பாத்ததும் எனக்கு ஒரு சின்ன ஆனந்தம். நான் மோசமான ஆளுவே. ஆனா மதினி முகத்துல வெயிலடிச்சு ஒரு மினுமினுப்பு வந்திருக்கு, அதப் பாத்ததும் மறுபடி எரிய ஆரம்பிச்சுட்டு.

அண்ணன் பஸ் படியில உக்காந்து பீடி பத்த வச்சான்.

"ஏல சுடலை, ஒண்ணு கேக்கேன். நீ கதவச் சாத்தினா யாராவது தட்டுதானா?"

"பாண்டு தட்டுவான். தீப்பெட்டி கேட்டு."

"எங்கள எல்லாவனும் தட்டுதாம்ல. போலீஸ்காரன் தட்டுதான், தோட்டக்காரன் தட்டுதான். 'கிதர் ரெஹ்தா ஹை?'ங்கான், எங்க குடியிருக்கேன்னு. வண்டியக் காட்டினா, 'வண்டி சரி, வீடு எங்க?'ங்கான். உன் மதினி என்ன சொல்லுதா தெரியுமா? உன் கோலி நம்பரச் சொல்லுதா. போற ஊருல எல்லாம் உன் கதவத்தான் காட்டிக்கிட்டுத் திரியுதோம்."

என் கதவுக்கு இப்படி ஒரு மரியாதையா? கீல் கூட சரியில்ல அதுக்கு.

"அந்த வளைவு இருக்குல்லா, நேரா போனியா?"ன்னு கேட்டேன்.

"போனேன்."

"என்ன இருக்கு?"

"இன்னொரு வளைவு."

பீடியப் படியில தேச்சு அணைச்சான். பெறகு சொன்னான்: "நாளைக்கு மத்தியானம் சாமிகிட்டக் கேப்போம்ல. நில்லுன்னு சொன்னா நின்னுருதேன். மண்ண உன் கோலியில எறக்கிருவோம், நாங்க ரெண்டு பேரும் ஒரு மூலையில கெடந்துக்கிடுதோம். வண்டிச் சாவி உனக்கு. போன்னு சொன்னா போறோம். இனி என்னால யோசிக்க முடியாது. சாமி சொல்லட்டும்."

புரியுதா உங்களுக்கு? ஒரு வருசமா எதுக்காக வயிறு எரிஞ்சேனோ, அது என் நாக்கு நுனியில வந்து உக்காந்திருக்கு. "நில்லு"ன்னு ஒரு வார்த்தை. வண்டி எனக்கு. எனக்கு ஓட்டத் தெரியாது, அது வேற விசயம்.

வீட்டுக்கு வந்து பேச்சிகிட்டச் சொன்னேன். அவ அரிசி புடைச்சுக்கிட்டு இருந்தா. கை நிக்கல.

"நாளைக்கு யாரு வந்து பேசப் போறா? அவரா, நீங்களா?"

"வந்தாத்தான தெரியும்?"

"யாரு வந்தாலும் சரி. வீட்டுல எத்தன பேரு இருக்கோம்னு எண்ணிப் பாத்துட்டு வாயத் தெறக்கச் சொல்லுங்க."

காலைல எந்திரிச்சுப் பாத்தா அரிசி பூரா பித்தளை அண்டாவுல கெடக்கு. டிரங்குப் பெட்டி இருந்த எடத்துல தரையில சதுரமா ஒரு தடம், அவ்வளவுதான். கேட்டா, "துரு பிடிச்சிருந்துச்சு, வெயில்ல வச்சிருக்கேன்"ங்கா. நானும் சரின்னுட்டேன்.

இப்ப வெளிய உடுக்கைய அனல்ல காட்டிச் சூடேத்துதாங்க. மல்லிகாவும் அவ சிநேகிதப் பிள்ளைகளும் பஸ்ஸுக்குள்ள ஏறி இந்தியில டிக்கெட்டு விளையாட்டு விளையாடுதாங்க, சத்தம் இங்க கேக்கு. நான் இந்தக் கதைய முடிச்சுட்டுப் போயிரலாம்னு உக்காந்திருக்கேன். சொல்ல வந்தது என்னன்னா, இந்த வருசம் நான் ஒத்திகை ஒண்ணும் பாக்கல. நேத்துப் படுத்துக்கிட்டு யோசிச்சேன். நில்லுன்னு சொன்னா அண்ணன் இந்த ஜன்னலில்லாத கோலிக்குள்ள கெடப்பான். போன்னு சொன்னா நான் கெடப்பேன். ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு இருக்குல்லா, அந்த பஸ்ஸுல கட்டிலுக்குப் பின்னால நான் அளந்து பாத்தப்ப கொஞ்சம் எடம், ஒரு ஆளு இல்ல, ரெண்டு மூணு பேரு நெருக்கிப் படுத்தா...

"அப்பா! ஜல்தி சலோ! பரமசிவம் தாத்தா பூச்சுதாரு, பகவான் கிதர்னு!" பகவான் எங்கன்னு கேக்காராம்.

"எளா மல்லிகா, பகவான் உள்ள உக்காந்து கதை எழுதுதாருன்னு போயிச் சொல்லு." இது பேச்சி. வாசல்ல இருந்து. எட்டிப் பாக்கேன். கல்யாணப் பட்டுச் சேலையச் சுத்திக்கிட்டு, என் கோணல் மூடி டிரங்குப் பெட்டி மேல உக்காந்திருக்கா. பெட்டி பூட்டியிருக்கு. சாவி அவ தாலியில தொங்குது.

"என்ன மாடன், வாறீரா?"

வாரேன்டி, வாரேன்.